சிங்கப்பூர் வாசகருக்கு 35, கனடா வாசகருக்கு 70

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களிடம் வெளிநாட்டு விற்பனை பற்றிப் பேச்செடுத்தால், "அமேசானில் ஏற்றிவிட்டால் உலகம் முழுக்கப் போய்விடுமே" என்கிறார்கள். போகும், மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் எந்த நாட்டிலிருந்து வாங்கினார் என்பதை வைத்து உங்கள் கைக்கு வரும் பணம் ஏறக்குறையப் பாதியாகிவிடலாம். மற்ற மொழிக்காரர்களைவிட நமக்கு இது அதிகமாக உறைக்கும். தமிழ் வாசகர்கள் நிறைந்த சிங்கப்பூர், மலேசியா, இலங்கை மூன்றுமே குறைந்த ராயல்டிக் கணக்கில் (ராயல்டி என்பது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) வருகின்றன. ஆகவே கோப்பு, அட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வாசகர் எந்த ஊரில் இருக்கிறார்?

அமேசானில் நாமே புத்தகம் வெளியிடும் சேவையான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கேடிபி, மின்னூலுக்கு இரண்டு ராயல்டித் திட்டங்களை வைத்திருக்கிறது: 35 சதவீதம், 70 சதவீதம். 70 வேண்டுமானால் அமெரிக்க விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அச்சுப் பதிப்பும் இருந்தால் மின்னூல் விலை அதைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. 70 என்பது குறிப்பிட்ட சில நாடுகளின் பட்டியலுக்கு மட்டும்தான் பொருந்தும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பிய நாடுகள் பல அதில் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகள் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்க அமேசான் தளத்தில்தான் கிண்டில் புத்தகம் வாங்குகிறார்கள். நீங்கள் 70-ஐத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்த விற்பனைக்கு 35தான் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். 3.99 டாலர் விலை, கோப்பு 2 எம்பி. கனடாவின் ஸ்கார்பரோவில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 70 திட்டத்தில் டெலிவரி கட்டணம் என்று ஒன்றைக் கழிப்பார்கள். அமெரிக்கத் தளத்தில் அது ஒரு எம்பிக்கு 15 சென்ட். கனடாவுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு என்று கொள்ளுங்கள். 3.99-இல் 30 சென்ட் போக மிச்சத்தில் 70 சதவீதம், அதாவது 2.58 டாலர். அதே புத்தகத்தை மலேசியாவின் ஈப்போவில் ஒருவர் வாங்கினால் 1.40 டாலர். புத்தகமும் விலையும் ஒன்றுதான், வரவு மட்டும் வேறு.

இந்தியாவுக்கு இன்னொரு முடிச்சு. இங்கே விற்பதற்கு 70 வேண்டுமானால் புத்தகத்தைக் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். பிரேசில், ஜப்பான், மெக்சிகோவுக்கும் இதே விதி. தமிழ் எழுத்தாளருக்கு அந்த மூன்றும் பெரிய இழப்பல்ல. செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும். பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் மாறும். பதிலுக்கு 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தமிழ் எழுத்தாளர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாவலைத் தொடராகப் பிரதிலிபி தளத்திலோ சொந்த வலைப்பூவிலோ போட்டிருப்பார்கள். நண்பர்களுக்கென்று ஏற்றிய பிடிஎஃப் ஏதோ ஒரு டிரைவில் பொதுச் சுட்டியாகக் கிடக்கும். மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம், அதற்கு மேல் இருந்தால் பிரத்தியேக விதியை மீறியதாகிவிடும். செலக்ட் பெட்டியில் டிக் போடுவதற்கு முன் உங்கள் புத்தகத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். எங்கெங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

வாசகர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா என்றால் செலக்டால் அவ்வளவு லாபமில்லை. கிண்டில் அன்லிமிடெட் அங்கே இல்லை, ராயல்டியும் எப்படியும் 35தான். அந்த நிலையில் கூகுள் பிளே புக்ஸிலும் ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். சிங்கப்பூர் வெள்ளியிலும் ரிங்கிட்டிலும் விலை காட்டும், ஆண்ட்ராய்டு போனில் நேராகத் திறக்கும், பிரத்தியேக நிபந்தனை கிடையாது. ஒரு எச்சரிக்கை: கூகுள் சில சமயம் தானாகத் தள்ளுபடி கொடுக்கும். அதை அமேசான் கண்டுபிடித்துத் தன் விலையையும் இறக்கலாம், 70 திட்டத்தில் இருந்தால் உங்கள் ராயல்டியும் இறங்கிய விலைக்குத்தான் கணக்காகும். அதனால் இரண்டு தளத்திலும் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது விலையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

விலைப் பக்கத்தில் இன்னொன்று. ரூபாயில் விலை போட்டுவிட்டு மற்ற நாட்டு விலைகளைத் தளமே மாற்றிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். இந்தியாவில் 99 ரூபாய் ஓரளவு நியாயமான விலை. அதை அப்படியே டாலராக்கினால் 2.99-ஐ எட்டாது. உள்ளூர் விலையை மனதில் வைத்து 35 திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர், டொரன்டோவில் ஒரு காபிக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகத் தன் நாவலை விற்றுக்கொண்டிருப்பார், அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்து. டாலர், பவுண்டு, யூரோ, ஆஸ்திரேலிய டாலர் ஒவ்வொன்றுக்கும் கையால் விலை போடுங்கள்.

படம் நிறைந்த புத்தகம் என்றால் கணக்கு தலைகீழ். 3.99 டாலர் சமையல் புத்தகம் 13.3 எம்பியைத் தாண்டினால் 70 திட்டத்தைவிட 35 திட்டம் அதிகம் தரும், ஏனென்றால் 35-இல் டெலிவரி கட்டணமே கிடையாது. இந்தியாவில் அந்தக் கட்டணம் எம்பிக்கு 7 ரூபாய்; 10 எம்பி புத்தகம் 99 ரூபாய்க்கு விற்றால் அதில் 70 ரூபாய் டெலிவரிக்கே போய்விடும். போனில் எடுத்த படங்களை அப்படியே செருகாமல் அளவைச் சுருக்கிச் சேருங்கள்.

இனி கோப்பு. நேரம் அதிகம் தின்பது இதுதான். திருவல்லிக்கேணியிலோ ராயப்பேட்டையிலோ டிடிபி (கணினியில் பக்கம் அமைப்பது) செய்த புத்தகம் என்றால், அது பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பாமினி, ஸ்ரீலிபி, வானவில், செந்தமிழ் மாதிரி ஏதாவது ஒரு பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். கிண்டிலுக்கும் கூகுளுக்கும் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோட் வேண்டும். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டிச் சமாளிக்கலாம் என்று இறங்கினால் கொம்பும் காலும் இடம் மாறி, ஒவ்வொரு வரியையும் கையால் திருத்த வேண்டிவரும். டிடிபி கடையில் மூலக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். அச்சுக்குக் கொடுத்த பிறகு திருத்தம் செய்திருந்தால் கடைசிக் கோப்பு எது என்றும் கேளுங்கள். மூன்றாம் புரூஃப் திருத்தம் ஏறாத கோப்புதான் பெரும்பாலும் முதலில் கையில் கிடைக்கும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. எந்த எழுத்துருக் குறியாக்கம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தொண்ணூறு சதவீத வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பத்து சதவீதம்தான் புத்தகத்தின் மானத்தை வாங்குவது. முதலாவது, நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள். அவற்றையும் தமிழ் எழுத்துருவாக நினைத்து மாற்றிவிடும், 'டிவி' என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத இரண்டு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்களை வேறு வண்ணமாக்கித் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பச் செருகுவது சுலபம். மேற்கோள் குறிகளும் நீளக்கோடுகளும் சில எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் இடத்தில் இருப்பதால் காணாமல் போகும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. தட்டச்சு செய்தவர் துணைக்காலுக்குப் பதில் ர எழுத்தைத் தட்டியிருப்பார். பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அச்சிலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யூனிகோடுக்கு வந்ததும் 'பாட்டு' 'பரட்டு' ஆகும், 'வானம்' 'வரனம்' ஆகும், 'கொடு' 'கெரடு' ஆகும். இதையாவது பிழைதிருத்தி பிடித்துவிடும். வாணி போன்ற இணையத் திருத்தியில் அத்தியாயம் அத்தியாயமாக ஓட்டினால் போதும். 'தாம்' 'தரம்' ஆனால் எந்தத் திருத்தியும் பிடிக்காது, கண்தான் பிடிக்க வேண்டும். ஔகாரமும் அப்படித்தான். 'சௌந்தர்யா' என்பதை 'செ' போட்டு அடுத்து 'ள' போட்டு எழுதியிருந்தாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடலில் மட்டும் சிக்காது. கதாநாயகியின் பெயர் தேடலில் சிக்காவிட்டால் பரவாயில்லை, நூலாசிரியரின் பெயரே சிக்காமல் போனால்? 'ஸ்ரீ'யிலும் ஒரு சிக்கல் உண்டு: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றே. பெயரில் ஸ்ரீ இருப்பவர்கள் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வகையைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஆசிரியர் பக்கம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கடைசியாகப் புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். மெய்யெழுத்து இல்லாமல் கொம்போ காலோ தனியே நின்றால் அந்த வட்டம் வரும். வேர்டில் ஒருமுறை, கிண்டில் பிரிவ்யூவரில் ஒருமுறை, போனில் ஒருமுறை என்று மூன்று இடத்திலும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஏற்றுவதற்கு ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்போ வேர்ட் கோப்போ போதும். அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் 1 பாணியைக் கொடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக்கினால் மட்டும் பொருளடக்கம் உருவாகாது. பத்தித் தொடக்கத்துக்கு ஸ்பேஸ் பார் வேண்டாம். எழுத்துருவைக் கோப்புக்குள் திணிக்கவும் வேண்டாம். கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவே நன்றாகத் தெரியும், கோப்பும் இளைக்கும். அட்டைப் படம் உயரம் 2560, அகலம் 1600 பிக்சல்.

தலைப்பு, குறிச்சொல் விஷயத்தில் வெளிநாட்டு வாசகரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விசைப்பலகை இல்லாத லேப்டாப்பில் அவர் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார். ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று தட்டுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். சகரத்துக்கு ஒருவர் எஸ், இன்னொருவர் சி-எச். கேடிபி கொடுக்கும் ஏழு குறிச்சொல் பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் 50 எழுத்து கொள்ளும். அவற்றில் இரண்டையாவது இப்படிப்பட்ட ஆங்கில எழுத்து வடிவங்களுக்கு ஒதுக்குங்கள். தலைப்புப் பெட்டியில் அட்டையில் இருப்பது மட்டுமே இருக்கலாம் என்பது விதி. ஆகையால் ஆங்கில எழுத்திலும் தலைப்புத் தேடலில் வர வேண்டுமென்றால், அட்டையிலேயே கீழே சின்னதாக அதையும் போட்டுவிடுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற எழுத்தாளர்களின் பெயரைக் குறிச்சொல்லில் போட்டு ஆள் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. புத்தகம் முடக்கப்பட அது ஒன்றே போதும்.

சொந்தத் தமிழ் நாவலை எந்திர மொழிபெயர்ப்பில் ஆங்கிலமாக்கி ஏற்றுகிறவர்கள் கவனிக்க: செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய உரை, படம், மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஏற்றும்போது தெரிவிக்க வேண்டும் என்று கேடிபி 2023 செப்டம்பர் முதல் கேட்கிறது. நாட்டுடைமையான நூல்களை எடுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொது உரிமை நூல்களுக்கு 35 திட்டம் மட்டும்தான். ஏற்கெனவே இலவசப் பதிப்பு இருந்தால் உங்கள் பதிப்பில் சொந்தக் குறிப்புரையோ, மொழிபெயர்ப்போ, பத்துப் படங்களோ இருந்தாக வேண்டும். அதைவிட உங்கள் சொந்தக் கையெழுத்துப் பிரதியில் நேரத்தைச் செலவிடலாம் என்பது என் கட்சி.

அச்சுப் புத்தகத்துக்கு வருவோம். கேடிபியின் மொழிப் பட்டியலில் தமிழ் மின்னூலுக்கு மட்டும்தான் இருக்கிறது, பேப்பர்பேக்கில் இல்லை. ஆங்கிலம் என்று மொழியைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் பிடிஎஃப்-ஐ ஏற்றி ஒப்பேற்ற முயல்வார்கள். பரிசீலனையில் திருப்பி அனுப்பப்படும், திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கே போகும். தமிழ் அச்சுப் புத்தகத்தை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தேவைக்கேற்ப அச்சிட்டு விற்க இங்ராம்ஸ்பார்க், லூலு போன்ற சேவைகளைப் பாருங்கள். இங்ராமில் கடைகளுக்குக் கொடுக்கும் கழிவை நீங்களே நிர்ணயிக்கலாம், 55 சதவீதம் வரை. நிஜக் கடைகளின் அலமாரியை எதிர்பார்க்காத தமிழ்ப் புத்தகத்துக்கு அவ்வளவு கழிவு வீண். விற்காத பிரதியைக் கடைகள் திருப்பி அனுப்பலாமா என்று கேட்கும் ரிட்டர்ன் என்ற இடத்தில் வேண்டாம் என்றே போடுங்கள். திரும்பி வரும் பிரதியின் செலவு உங்கள் தலையில்தான் விடியும்.

சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கேடிபி பேப்பர்பேக் திறந்திருக்கிறது. ஆனால் அமேசான் இந்தியத் தளத்துக்கு அது அச்சிடுவதில்லை. இங்கே விற்கத் தனியாக உள்ளூரில் அச்சிட வேண்டும். வெளிநாட்டு விலையை நிர்ணயிக்கும்போது ஒரு கோட்டைக் கவனியுங்கள். 2025 ஜூன் 10 முதல் அமெரிக்காவில் 9.99 டாலருக்குக் கீழே விலை வைத்தால் ராயல்டி 50 சதவீதம், 9.99-உம் அதற்கு மேலும் 60. இரண்டிலும் அச்சுக் கூலியைக் கழிப்பார்கள். கறுப்பு வெள்ளை, வழக்கமான அளவு, 110 பக்கத்துக்கு மேல் என்றால் கூலி ஒரு டாலரும் பக்கத்துக்கு 1.2 சென்ட்டும். 200 பக்கத்துக்கு 3.40 டாலர். 9.99-க்கு விற்றால் 5.99-இல் 3.40 போக 2.59. ஒரே ஒரு சென்ட் குறைத்து 9.98 என்று வைத்தால் 4.99-இல் 3.40 போக 1.59. ஒரு சென்ட்டுக்காக ஒரு டாலரை இழக்கும் விலைதான் 9.98.

நம் ஊர் டெம்மி 1/8 அளவுக்கு நெருக்கமான ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் கேடிபியிலும் உண்டு. ஆகவே சென்னைப் பதிப்பின் உள்பக்கங்களைப் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் அச்சகத்துக்குப் பிளேட் போடக் கொடுத்த கோப்பில் பக்கங்கள் ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் பல பக்கங்களாக, அடுக்கப்பட்டிருக்கும், ஓரத்தில் வெட்டுக் குறிகள் இருக்கும். அங்கே வேண்டியது ஒற்றைப் பக்கங்கள், வரிசையாக, வெட்டுக் குறி இல்லாமல். 16 பக்க ஃபாரக் கணக்கை நிரப்ப முன்னும் பின்னும் சேர்த்த வெற்றுப் பக்கங்களையும் விளம்பரங்களையும் எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 1.2 சென்ட் போகிறது. உள் ஓரம், அதாவது பைண்டிங் பக்கம், 150 பக்கம் வரை 0.375 அங்குலம், 151 முதல் 300 வரை 0.5, 301 முதல் 500 வரை 0.625. குறைந்தால் கோப்பு நிராகரிக்கப்படும்.

அட்டையை மட்டும் அப்படியே அனுப்பவே முடியாது. முதுகின் கனம் தாளைப் பொறுத்தது. இங்கே 70 ஜிஎஸ்எம் என்எஸ் மேப்லித்தோ தாளில் அச்சிட்ட புத்தகத்தைவிடக் கேடிபியின் க்ரீம் தாள் புத்தகம் தடிமன். அந்தத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், 200 பக்கத்துக்கு முதுகு அரை அங்குலம். முன் அட்டை 5.5, பின் அட்டை 5.5, முதுகு 0.5, இரு பக்கமும் வெட்டுக்கு 0.125 என்று கூட்டினால் அகலம் 11.75, உயரம் 8.75 அங்குலம். வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 என்பதால் முதுகு 0.45-ஆகக் குறையும், அட்டையையும் மாற்ற வேண்டும். உள்ளூர் அட்டையையே ஏற்றினால் முதுகு எழுத்து முன் அட்டைக்கு வழிந்து நிற்கும். 79 பக்கத்துக்குக் கீழான புத்தகத்துக்கு முதுகில் எழுத்தே கூடாது.

இங்ராமுக்கோ லூலுவுக்கோ தமிழில் பக்கம் அமைக்க இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்தினால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணக் கம்போசரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டு பக்கமும் சமப்படுத்திய தமிழ் வரிகளில் பெரிய பெரிய ஓட்டை விழும், நம் சொற்கள் நீளம் என்பதால். மிக நீளமான சொற்களில் மட்டும் கையால் மென்கோடு (சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் தெரியும் கோடு) போட்டால் பக்கம் சீராகும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் தனிநபரும் இணையத்தில் இலவசமாகவே வாங்கலாம். கேடிபி தரும் இலவச எண்ணை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது, ஆகவே உள்ளூரிலும் அச்சிடும் எண்ணம் இருந்தால் சொந்த எண்ணே வாங்குங்கள். கிண்டில் மின்னூலுக்கு எண் கட்டாயமில்லை. இங்கே அச்சிட்டு வெளியிட்டால் 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி எழும்பூர் கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பலரும் மறந்துவிடுவது இது.

பணம். கேடிபி ராயல்டி, விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து இந்திய வங்கிக் கணக்கில் ரூபாயாக விழும். அதற்கு முன் வரி நேர்காணல் என்ற இணையப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். அதன் முடிவில் உருவாவது டபிள்யூ-8பென் படிவம். வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் 30. நம் ஊரில் வரும் சிக்கல் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல் இருக்கும், புத்தகத்தில் புனைபெயர். கணக்கின் பெயர் பானில் உள்ளபடியே இருக்கட்டும். புனைபெயர் நூலாசிரியர் என்ற பெட்டியில் மட்டும் போதும். படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். புதுப்பிக்க மறந்தால் மறுபடி 30.

அங்கே பிடித்த 15 சதவீதத்தை இங்கே வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு தொடக்கத்தில் அமேசான் தரும் 1042-எஸ் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் இதற்குப் படிவம் 67 உண்டு. அதே சட்டத்தின் 80 கியூகியூபி பிரிவில் நூலாசிரியர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவும் இருக்கிறது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டு ராயல்டி என்றால் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆடிட்டரிடம் போகும்போது எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள்.

நேரடியாகப் பார்சல் அனுப்பி விற்கிறவர்களுக்கு. 200 பக்க டெம்மி புத்தகம் 70 ஜிஎஸ்எம் தாளில் 230, 240 கிராம் வரும். அட்டைப் பெட்டியும் குமிழ் உறையும் சேர்ந்தால் 300-ஐத் தொடும். தபால் கட்டணம் எடைப் படிகளில் ஏறுவதால், சுற்றி முடித்த பிறகு எடை போட்டுவிட்டு விலை சொல்லுங்கள். 2 கிலோ வரை இந்திய அஞ்சலின் சர்வதேச டிராக்டு பாக்கெட் சேவை கட்டுப்படியாகும். வியாபாரமாகத் தொடர்ந்து அனுப்பினால் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியிடம் ஐஇசி என்ற ஏற்றுமதி, இறக்குமதி எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் எண் முடங்கும். சுங்கப் படிவத்தில் பரிசு என்று எழுதாதீர்கள். அச்சிட்ட புத்தகம் என்றும், அதற்கான சுங்க வகை எண் 4901 என்றும் எழுதினால் பெரும்பாலான ஊர்களில் சிக்கலின்றிப் போகும். அமெரிக்காவுக்கு எப்போதும் ஒரு மாற்று வழி வைத்திருங்கள்: 2025 ஆகஸ்டில் அங்கே சுங்க விதி மாறியபோது இந்திய அஞ்சல் முன்பதிவையே நிறுத்தி அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது.

பணம் வாங்க ஜிபே நம்பர் கொடுத்துப் பயனில்லை. சிங்கப்பூரின் பணம் அனுப்பும் சேவையான பேநவ்வோடு யூபிஐ இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது, ஆனால் அது தனிநபர் பணம் அனுப்புவதற்கானது, வியாபாரத்துக்கல்ல. பேபால் அல்லது வெளிநாட்டுக் கார்டு ஏற்கும் கேட்வே வேண்டும். இரண்டிலும் பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு கேட்பார்கள், சரக்கு ஏற்றுமதிக்கானதைத் தேர்ந்தெடுங்கள்.

பிரிட்டனில் புத்தகத்துக்கு வாட் பூஜ்யம் என்பதால் பார்சல் போய்ச் சேருவதில் தொல்லை குறைவு. ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் வேறு கதை. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி புத்தகத்துக்கும் பொருந்துகிறது. அங்கே முகவரி உள்ள ஒரு பொறுப்பாளரின் பெயர் பொருளோடு போக வேண்டும். பத்துப் பிரதி அனுப்ப அவ்வளவு ஏற்பாடு கட்டாது. அங்கிருந்து கேட்கிறவர்களுக்கு மின்னூல் சுட்டியை அனுப்பிவிடுங்கள்.